ஐந்தாம் நம்பர் யார்?

கார்டிஃப் மாதிரிப் பெரிய நகரத்துக்கு ரக்பி லீக் கிளப் என்று தனியாக ஒன்று வேண்டுமா, வேண்டாமா? 1981-ம் வருஷத்து இலையுதிர் காலம் முழுக்க ஊருக்கு இதே பேச்சு. பத்திரிகையில் கேட்டார்கள், வானொலியில் கேட்டார்கள், ஞாயிற்றுக்கிழமையில் விளையாட்டு என்ன வேண்டிக் கிடக்கிறது என்று தேவாலயத்தில்கூடக் கேட்டார்கள். துறைமுகப் பக்கம் வந்து மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. வந்து கேட்டிருந்தால் லொரெட்டா ஆண்ட்ராடி பதில் சொல்லியிருப்பாள். கேட்டவர் காதைப் பொத்திக்கொண்டு ஓடியிருப்பார்.

பதினைந்து பேர் ஆடுவது யூனியன். வேல்ஸில் அதுதான் குலதெய்வம். பதின்மூன்று பேர் ஆடுவது லீக். வட இங்கிலாந்தில் சுரங்கமும் ஆலையும் உள்ள ஊர்களின் ஆட்டம். யூனியனில் காசு கிடையாது, கௌரவம் உண்டு. லீக்கில் காசு உண்டு. ஆனால் யூனியன் தருகிற கௌரவத்தை யாருக்குப் படியளப்பது என்பதில்தான் பெரிய மனிதர்களுக்குக் கை நடுங்கும். கப்பலில் வந்து இறங்கிய கேப் வெர்டிக்காரருக்கும் சோமாலியருக்கும் மேற்கிந்தியத் தீவுக்காரருக்கும் பிறந்த துறைமுகத்துப் பிள்ளைகள் காற்றாகப் பறந்தாலும் தேர்வுக் குழுவின் கண்ணுக்குத் தென்படமாட்டார்கள். ரயிலேறி வடக்கே போனால் அங்கே தென்படுவார்கள்.

லொரெட்டாவின் கணவன் வெர்னன் அப்படிப் போனவன்தான். பத்து வருஷம் லங்காஷயரில் லீக் ஆடிவிட்டு, முழங்கால் தேய்ந்து ஊர் திரும்பினான். ஒருதரம் லீக்கில் கால் வைத்தவனுக்கு யூனியன் ஆயுள் முழுக்கத் தடை. ஆடக்கூடாது, சொல்லிக்கொடுக்கக்கூடாது, கிளப் வாசலைக்கூட மிதிக்கக்கூடாது. வெர்னனின் தம்பி கல்யாண விருந்து பென்மார்க் ரக்பி கிளப் கட்டடத்தில் நடந்தது. மாப்பிள்ளையின் அண்ணனை வாசலில் நிறுத்திவிட்டார்கள். மழை பெய்துகொண்டிருந்தது. கேக் துண்டு ஒன்றைத் தட்டில் வைத்து வெளியே கொண்டுவந்து நீட்டினார்கள். லொரெட்டா புதுத் தொப்பியோடு புருஷன் பக்கத்தில் போய் நடைபாதையில் நின்றாள். அந்தத் தொப்பியை அதற்குப் பிறகு அவள் தொடவில்லை.

இப்போது லண்டனிலிருந்து யாரோ கனவான்கள் வந்து, கால்பந்து மைதானம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, 'கார்டிஃபுக்கு லீக்கை அறிமுகம் செய்கிறோம்' என்று துறைமுகச் சுவரெல்லாம் சுவரொட்டி ஒட்டினார்கள். கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். அந்தத் தெருவில் வீட்டுக்கு ஒரு லீக் ஆட்டக்காரன் இருந்தான், இல்லாவிட்டால் அவனை வழியனுப்பி அழுத அம்மா இருந்தாள்.

"முப்பது வருஷம் முன்னாடியே ஒட்டியிருக்கணும்டா இத," என்றாள் லொரெட்டா, சுவரொட்டி ஒட்ட வந்தவனிடம். "அப்ப ஒட்டியிருந்தா என் புருஷன் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுக்கிட்டே ஆடியிருப்பான்."

"எனக்கு என்ன தெரியும்மா, நான் பசை தடவுறவன்."

"அப்ப நேராவாவது தடவு. கோணலா இருக்கு."

அந்த ஊசியை வாங்கப் போனவன் அவள் மகன் எல்வினேதான்.

எல்வினுக்கு இருபத்திரண்டு வயது. அப்பாவின் கால், அம்மாவின் வாய். மூன்று வருஷமாக அதே பென்மார்க் கிளப்பின் யூனியன் அணியில் ஓரத்தில் ஓடுகிறவன். உருக்காலையை மூடி ஊரில் பாதிப்பேர் வேலையில்லாமல் நின்ற காலத்தில், கிளப் குழுவில் ஒருவர் சொல்லி மது ஆலையில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது. அந்த வேலைதான் வீட்டில் அடுப்பு எரிய வைத்தது. இந்த நிலையில் புதிய லீக் கிளப் அவனை ஒரு சோதனை ஆட்டத்துக்குக் கூப்பிட்டது.

விஷயம் வெளியே தெரிந்தால் யூனியனும் போகும், வேலையும் போகும். அதற்கு லீக்காரர்கள் காலங்காலமாக ஒரு வழி வைத்திருக்கிறார்கள். சோதனைக்கு வருகிறவனின் பெயரை அச்சடிக்கமாட்டார்கள். மைதானத்தில் விற்கிற ஆட்டத் தாளில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'வேறொருவர்' என்று போடுவார்கள். பிடித்தால் ஒப்பந்தம், பிடிக்காவிட்டால் சத்தமில்லாமல் பழைய கிளப்புக்கே திரும்பிவிடலாம்.

வெர்னனுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. "நான் வடக்க போனப்ப பேரையும் சேத்து எடுத்துக்கிட்டுப் போனேன். அந்த ஊர்க்காரன் என்னைத் திட்டுனாலும் பேரச் சொல்லித் திட்டுனான். இவன் பொறந்த ஊர்லயே பேரில்லாம ஆடணுமா?"

"பேரு சோறு போடுமா?" என்றாள் லொரெட்டா. "ஒரு ஆட்டம். என்னன்னு பாத்துட்டு வரட்டும். வேலை போச்சுன்னா நீ போய் உருக்காலையத் திறப்பியா?"

"அம்மா, அப்பா, ரெண்டு பேரும் சண்டைய நிறுத்துறீங்களா? ஆடப்போறது நான்."

"நீ இல்ல, வேறொருவர்," என்றான் வெர்னன். அதோடு எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டான். லொரெட்டா ஜெயித்தாள். அந்த ஜெயம் பின்னால் அவள் தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது.

ஞாயிறு மதியம் துறைமுகமே மைதானத்தில் இருந்தது. ஐந்தாம் நம்பர் சட்டையில் யார் ஓடுகிறார்கள் என்பது தெருநாய் உட்பட எல்லோருக்கும் தெரியும். யாரும் பெயரைச் சொல்லவில்லை. மாறாக, கூட்டமே கேலியில் இறங்கிவிட்டது.

"வேறொருவரே, ஓடுங்க! விட்டுடாதீங்க!"

"வேறொருவரோட கால பாருப்பா, அவங்கப்பன் கால் மாதிரியே!"

"லொரெட்டா, உனக்கு அந்தப் பையனத் தெரியுமா?"

"எங்கயோ பாத்த மாதிரி இருக்கு," என்றாள் லொரெட்டா, முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு.

அவளுக்கு முன்வரிசையில் ஒருவர் மழைக்கோட்டோடு, முழங்காலில் குடையோடு உட்கார்ந்திருந்தார். பென்மார்க் கிளப்பின் செயலாளர் பிராஸர். யூனியன் ஆட்கள் இப்படி வேவு பார்க்க வருவது வழக்கம்தான். லொரெட்டா அவர் பிடரியைப் பார்த்தே ஆளை அடையாளம் கண்டுகொண்டாள். மூன்று வருஷமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் எல்வின் ஓடுவதைப் பார்க்கிறவர். ஆட்டம் முடிந்ததும் முதுகில் தட்டிக் கைகொடுக்கிறவர். தீர்ந்தது கதை என்றுதான் நினைத்தாள். எல்வின் இரண்டு பேரைச் சுற்றி ஏமாற்றிக் கோட்டுக்கு அப்பால் பந்தை ஊன்றிப் புள்ளி எடுத்தபோது அவளால் கைதட்டக்கூட முடியவில்லை. பிராஸர் பென்சிலை எடுத்து ஆட்டத் தாளில் ஏதோ எழுதினார்.

திங்கட்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. செவ்வாய் மாலை எல்வின் பயிற்சிக்குப் போய்விட்டு முகம் வெளுத்துத் திரும்பி வந்தான்.

"உன்னை நிறுத்திட்டாங்களா?"

"என்னை இல்லம்மா. இத்ரீஸை."

இத்ரீஸ் வார்சாமி அதே தெருவில் நாலு வீடு தள்ளிக் குடியிருப்பவன். பென்மார்க் அணியில் அவனும் இருக்கிறான். சோமாலிய மாலுமிக்கும் வேல்ஸ்காரி குவெண்டாவுக்கும் பிறந்தவன். எல்வினைவிட ஒரு தலை உயரம், ஒட்டகம் மாதிரி கால்கள், முகத்தில் தாடி. எல்வின் மாநிறம், கட்டை உடம்பு, மழமழவென்று மழித்த முகம். இருட்டில் பின்னாலிருந்து பார்த்தாலும் மாறிப்போக வழியில்லை. சோதனை ஆட்டம் நடந்த நேரத்தில் இத்ரீஸ் அப்பாவுக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்தான்.

பிராஸர் பயிற்சி மைதானத்தில் அத்தனை பேருக்கும் முன்னால் அவனைக் கூப்பிட்டிருக்கிறார். "நான் என் கண்ணால பாத்தேன் வார்சாமி. ஐந்தாம் நம்பர் நீதான். உனக்கு ஆயுள் தடை. பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பு."

"அவன் என்ன சொன்னான்?"

"நான் இல்லன்னான். அவ்வளவுதான். என் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல." எல்வின் நாற்காலியில் உட்கார்ந்தான். "நான் அங்கயே சொல்லியிருக்கணும்மா. வாய் வரல."

அந்தச் சனிக்கிழமை இத்ரீஸ் மாவட்ட அணிக்கு ஆட இருந்தான். துறைமுகத்துப் பையன் ஒருவனை மாவட்ட அணிக்கு எடுப்பது பல வருஷங்களில் அதுதான் முதல் தடவை.

லொரெட்டாவுக்கு முதலில் வந்தது கோபமில்லை. என் பிள்ளை தப்பித்தான் என்ற நிம்மதிதான் முதலில் வந்தது. அது வந்ததைத் தானே கண்டுகொண்டதும் உடம்பெல்லாம் கூசியது. அதற்கப்புறம்தான் கோபம் வந்தது. வந்த கோபம் அடங்கவே இல்லை. மூன்று வருஷம்! ஒரு நாயை மூன்று வருஷம் பார்த்தால் அடுத்த வீட்டு நாய் எது, நம் நாய் எது என்று தெரிந்துவிடும். இந்த மனிதர் கைகுலுக்கியபோதெல்லாம் எதைப் பார்த்தார்?

மறுநாள் குவெண்டா வந்தாள். சமையலறையில் உட்கார்ந்து தேநீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஒண்ணும் கேக்க வரல லொரெட்டா. எல்வினுக்கு வேலை இருக்கு. எனக்குத் தெரியாதா? இத்ரீஸும் வாயத் தொறக்க மாட்டேங்குறான். அவங்கப்பா மட்டும் மாவட்டச் சட்டையில ஒரு போட்டோ எடுக்கணும்னு ஆசைப்பட்டாரு. அதான்."

திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். லொரெட்டா அவள் கையிலிருந்த ஆறிப்போன தேநீரை வாங்கிக் கொட்டிவிட்டு வேறு போட்டுக் கொடுத்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் எல்வின் சட்டையை மாற்றிக்கொண்டு கூடத்துக்கு வந்தான். "நான் கிளப்புக்குப் போறேன். நான்தான்னு சொல்லப்போறேன்."

வெர்னன் மனைவியின் முகத்தைப் பார்த்தான். பேர் சோறு போடுமா என்று கேட்டவள் அவள்தானே. அவளே சொல்லட்டும் என்று இருந்தான்.

"வேலை போயிடும்," என்றாள் லொரெட்டா.

"தெரியும்."

"போனா போகட்டும். என் கோட்டு எங்க?"

பென்மார்க் கிளப் வாசலில் வெர்னன் நின்றுவிட்டான். ஆயுள் தடை. லொரெட்டாவும் நிற்க வேண்டியவள்தான். பெண்களுக்குப் பக்கவாட்டில் ஒரு சின்ன அறை உண்டு, கூடத்துக்குள் நுழையக்கூடாது. எல்வின் தனியாக உள்ளே போனான். கதவு திறந்தே இருந்ததால் எல்லாம் கேட்டது.

"மிஸ்டர் பிராஸர், அந்த ஐந்தாம் நம்பர் நான். இத்ரீஸ் இல்ல."

பிராஸர் கண்ணாடிக் கோப்பையை மேஜையில் வைத்தார். சிரித்தார். கோபத்தில் இல்லை, கனிவோடு சிரித்தார்.

"நல்ல பையன்டா நீ, ஆண்ட்ராடி. நண்பனுக்காகப் பழிய ஏத்துக்க வந்திருக்க. பெரிய மனசு. ஆனா என்கிட்ட வேணாம். நான் ரெண்டு கண்ணாலயும் பாத்தவன்."

"சார், அது நான்."

"நீ எப்படி ஓடுவன்னு எனக்குத் தெரியாதா? மூணு வருஷமா பாக்குறேன். போ, போய்ச் சனிக்கிழமை ஆட்டத்துக்குத் தயாராகு."

பெண்கள் நுழையாத அந்தக் கூடத்தின் நடுவில் அடுத்த நிமிஷம் லொரெட்டா நின்றாள். எப்படி வந்தாள் என்று பிறகு கேட்டவர்களுக்கு, கால் வந்தது, நான் கூட வந்தேன் என்றாள்.

"நான் அவனப் பெத்தவ. ஞாயித்துக்கிழமை உங்க முதுகுக்குப் பின்னாடிதான் உக்காந்திருந்தேன். ஓடுனது என் பிள்ளை."

"அம்மா, இது உறுப்பினர்கள் இருக்கிற இடம்..." என்றார் பிராஸர்.

"தெரியும். என் புருஷன் வெளிய நிக்குறான், அவனக் கேட்டாலும் சொல்லுவான். அவன உள்ள விட மாட்டீங்க. என்னை உள்ள விட மாட்டீங்க. உள்ள விட்ட ரெண்டு பையன்ல எவன் எவன்னு தெரியல. பின்ன எதுக்குய்யா வாசல், எதுக்குக் காவல்?"

பிராஸர் முகம் சிவந்தது. "இங்க பாருங்க. இந்தத் தொல்லையெல்லாம் அந்த லீக்கால வந்தது. இந்த நகரத்துக்கு அந்த ஆட்டம் தேவையில்ல. நமக்குன்னு ஒரு ரக்பி இருக்கு. அது போதும்."

"நமக்குன்னா யாருக்கு? ஊருக்கு ஒரே கதவு, அந்தக் கதவுல நீங்க. என் புருஷனுக்கு அது திறக்கல. இன்னொரு கதவு வேணுமான்னு யாரக் கேக்குறீங்க? உள்ள சூடா உக்காந்திருக்கிறவங்களயா? மழையில நிக்கிறவனக் கேளுங்க."

எங்கோ ஒரு மூலையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். எல்வின் அம்மாவின் தோளில் கை வைத்தான். "விடும்மா. சார், ஞாயித்துக்கிழமை வாங்க. மறுபடி ஆடுறேன். இந்தத் தடவை பேரோட ஆடுறேன். பாத்துட்டு இத்ரீஸை விட்டுடுங்க."

சனிக்கிழமை மாவட்ட ஆட்டம் நடந்தது. இத்ரீஸ் இடத்தில் வேறு ஒரு பையன் ஆடினான். வார்சாமி வீட்டில் அன்று முழுக்க வானொலியைப் போடவில்லை.

ஞாயிறன்று ஆட்டத் தாளில் ஐந்தாம் எண்ணுக்கு நேரே 'எ. ஆண்ட்ராடி' என்று அச்சாகியிருந்தது. வெர்னன் அதை வாங்கிப் படித்தான், மடித்தான், பிரித்தான், மறுபடி படித்தான். "மை அழிஞ்சிடப்போகுது," என்றாள் லொரெட்டா. அவன் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை.

எல்வின் கூப்பிட்டபடியே பிராஸரும் வந்திருந்தார். அதே மழைக்கோட்டு, அதே குடை. லொரெட்டா இந்தத் தடவை பின்வரிசையில் உட்காரவில்லை. நேராகப் போய் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் கொஞ்சம் ஒதுங்கினார். அவள் ஒதுங்கவில்லை.

முதல் பாதியிலேயே எல்வின் ஓரக்கோட்டை ஒட்டிப் பறந்து பந்தை ஊன்றினான். ஒலிபெருக்கியில் அவன் முழுப்பெயரும் வந்தது. துறைமுகத்து ஜனம் ஒரு வாரமாக அடக்கி வைத்திருந்த பெயரைத் தொண்டை கிழியக் கத்தியது. வெர்னன் கத்தவில்லை. அழுதான். லொரெட்டாவும் கொஞ்சம் அழுதாள். அழுதபடியே பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள். பிராஸர் தாளில் ஆண்ட்ராடி என்ற பெயருக்குக் கீழே கோடு கிழித்தார்.

"சரிம்மா. ஒத்துக்கிறேன். அன்னிக்கும் இவன்தானோ என்னவோ."

"என்னவோ இல்ல. இவன்தான்."

"நாளைக்குக் குழுவுல சொல்லி வார்சாமி தடைய எடுத்துடுறேன். தப்பு யாருக்கும் நடக்குறதுதான்."

தடையை எடுத்தால் நேற்றைய மாவட்ட ஆட்டம் திரும்பி வருமா? அவள் கேட்க வாயெடுத்தாள். அதற்குள் இரண்டாம் பாதியில் மாற்று ஆட்டக்காரனாக ஒருவன் உள்ளே ஓடிவந்தான். உயரம், தாடி, ஒட்டகக் கால். இத்ரீஸ். முந்தின நாள் ராத்திரிதான் லீக் கிளப்பின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தான். முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். லொரெட்டாவுக்கே அது அப்போதுதான் தெரியும்.

பிராஸர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகம் தெளிந்தது. ஒரு வாரத்துச் சங்கடமும் அதோடு இறங்கிப்போனது. "பாத்தீங்களா! நான் சொன்னேனே, வார்சாமி லீக் ஆளுன்னு. நான் சொன்னது தப்பாப் போகல."

லொரெட்டாவுக்கு அந்த நிமிஷம் அவர் குடையைப் பிடுங்கி அவர் தலையிலேயே போட வேண்டும் போலிருந்தது. குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் உடைந்திருக்கும்.

"அவன் லீக் ஆளு இல்ல. நேத்து வரைக்கும் உங்க ஆளு. உங்களுக்காகக் கன்னம் கிழிஞ்சு தையல் போட்டவன். பொய்யச் சொல்லி அவன வெளிய தள்ளுனீங்க. வெளிய போனவன் போக்கிடம் தேடிப் போனா, பாத்தியா நான் சொன்னது நெசம்னு சொல்றீங்க. என் புருஷனுக்கும் இதத்தான செஞ்சீங்க?"

பிராஸர் எழுந்தார். குடையை எடுத்துக்கொண்டார். "எனக்கு நேரமாச்சு."

"உக்காருங்க."

லொரெட்டா பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறும்போது இருநூறு பிள்ளைகளை அடக்குகிற குரல் அது. சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வழி விட ஒருவரும் எழவில்லை. பிராஸர் உட்கார்ந்தார்.

"ஆட்டம் இன்னும் முடியல. வேவு பாக்கத்தான வந்தீங்க, ஒழுங்கா பாருங்க." மைதானத்தில் பந்து எதிர்ப்பக்கத்து ஓரத்துக்குப் போனது. சேறு பூசின ஒரு சட்டை அதைப் பாய்ந்து பிடித்தது. லொரெட்டா விரலை நீட்டினாள். "அது யாரு? சொல்லுங்க."

பிராஸர் கண்ணைச் சுருக்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். வெகுநேரம் பார்த்தார். தயங்கித் தயங்கி ஒரு பெயரைச் சொன்னார்.

"இல்ல," என்றாள் லொரெட்டா. "மறுபடியும் பாருங்க."